மஞ்சள் விளக்கு: கவனிக்கப்பட்டது

எங்கள் மாடியில் எதிரும் புதிருமாக இரண்டே வீடுகள். ஒன்றில் நான் இருக்கிறேன். இன்னொன்றில் சதவீதம் இருக்கிறார். பெற்றவர்கள் அவருக்கு வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள், கதவுப் பலகையில்கூட அது இருக்கிறது. ஆனால் பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்தில் ஒரு சதவீதம் வந்து விழாமல் அந்த மனுஷன் மூச்சு விட்டதில்லை. அதனால் இந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு அதுவே பெயர். வைத்தது நான்தான் என்று சொல்கிறார்கள். இருக்கலாம்.

அவருடைய வேலை விசித்திரமானது. யாராவது வேண்டுமென்றே நோய்க்கிருமியைக் காற்றில் தூவிவிட்டால் அதைக் கண்டுபிடிக்கிற கருவிகள் இருக்கின்றனவாம். அவற்றைச் செய்கிற கம்பெனியில் இவர் அறிக்கை எழுதுகிறார். எந்தெந்த ஊர் ரயில் நிலையம் வாங்கும், எந்த விமான நிலையம் வாங்கும், அடுத்த ஏழு வருடத்தில் சந்தை எவ்வளவு ஊதிப் பெருக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். உலகத்தின் பயம் வருடத்துக்கு ஒன்பது சதவீதம் வளர்கிறது என்று மாடிப்படியில் நின்று எனக்கு விளக்கியிருக்கிறார். வீட்டில் டீத்தூள் தீர்ந்துபோனது மட்டும் அவருக்குத் தெரியாது. அதை அவர் மனைவி என்னிடம் வந்து வாங்கிக்கொண்டு போவாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அதிகம் பேசமாட்டாள். அவள் பேசாததையும் சேர்த்து நான் பேசுவதால் எங்களுக்குள் நல்ல ஒட்டுதல்.

இந்த வீட்டுக்குத்தான் போன வருடம் அவள் தம்பி வந்து சேர்ந்தான். நாற்பது வயது ஆள். பதினைந்து வருடம் ஏசி ரிப்பேர் செய்தவன், கடையை மூடியவன், மனைவி விலகிப்போனவன். எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அம்மாவோடு வேறு ஊரில். ஒரே வேலையில் ஆறு மாதம் நிலைத்து நின்று காட்டினால் சனி ஞாயிறு மகளை அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அவன் வந்த நாலாவது நாளே எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் எங்கள் சமையலறை ஜன்னல்கள் இரண்டும் கட்டடத்தின் நடுவிலுள்ள ஒரே காற்றுக்கூண்டைப் பார்த்துத் திறப்பதை மறந்துவிடுகிறார்கள்.

சதவீதம்தான் மைத்துனனுக்குத் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். ரயில் நிலையத்தில் ஆறு தூண்களில் ஆறு இரும்பு டப்பாக்கள் மாட்டியிருந்தார்கள். டப்பாவின் தலையில் ஒரு குழாய்வாய் இருக்கும். அது நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சும், உள்ளே வட்டமான ஒரு வெள்ளைத் தாள் அந்தக் காற்றை வடிகட்டும். தினமும் காலையில் அந்தத் தாளை எடுத்து, ஒரு போட்டோ பிடித்து, பையில் போட்டு ஒட்டி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். புதுத் தாள் வைக்க வேண்டும், நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் டப்பாத்தம்பி ஆனான். இந்தப் பெயரை வைத்தது நிச்சயம் நான்தான்.

"என்ன தம்பி, இன்னிக்காவது ஏதாவது மாட்டிச்சா?" என்று மாடிப்படியில் கேட்பேன்.

"ஒண்ணுமில்லக்கா. சுத்தம்."

"பதினாலு மாசமா சுத்தம்னு உங்க மாமா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறார்."

"அதைச் சொல்லித்தான் விக்கறாங்க. ஒரு தடவைகூடப் பொய்யா அலறலையாம்."

உண்மைதான். மற்ற கம்பெனிக் கருவிகள் மாதம் ஒருமுறை எதையாவது பார்த்து மிரண்டு ஊரைக் கூட்டுமாம். நம் சதவீதத்தின் அறிக்கையில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது இதுதான்: பதினான்கு மாதம், ஆறு கருவிகள், பொய் எச்சரிக்கை பூஜ்யம். அதைக் காட்டித்தான் வேறு ஊர்களிலிருந்து வாங்குகிற ஆட்களை வரவழைத்திருந்தார்கள். வருகிற புதன்கிழமை அவர்கள் முன்னால் சதவீதம் பேசவேண்டும். அதற்காகப் புதுச் சட்டை எடுத்து, அதைப் போட்டுப் பார்த்து, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்ததுவரை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை டப்பாத்தம்பி ஒரு மடக்குக் கட்டில் தூக்கிக்கொண்டு வந்தான். சின்னது, குழந்தை படுக்கிற அளவு. ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. மாடி வளைவில் அது சிக்கிக்கொள்ள, நான் ஒரு பக்கம் பிடித்தேன். பிடித்ததற்குக் கூலியாக மகள் போட்டோவைக் காட்டு என்றேன். போனை நீட்டினான். முன்பல் இரண்டு இல்லாத குட்டி. அடுத்தது என்னவென்று நானே விரலால் தள்ளினேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அடுத்தது ஒரு வட்டத் தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இது புதுத் தாளா?"

"இல்லக்கா. நேத்து எடுத்தது. ஒரு நாள் முழுக்க ஓடினது."

"ஸ்டேஷன்லயா?"

"ஆமா. மூணாம் நம்பர் தூண்."

எங்கள் வீட்டிலிருந்து ரயில் நிலையம் இரண்டு தெரு தள்ளி. நான் அவனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சமையலறை ஜன்னல் கொசுவலையில் ஒரு விரலை இழுத்துக் காட்டினேன். விரல் கறுப்பு. "முந்தாநாள்தான் கழுவினேன். இது சும்மா தொங்கற வலை. உன் டப்பா காத்தை இழுக்குதுன்னு சொல்றே. அப்புறம் எப்படி அது கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு?"

பெருமையாகத்தான் கேட்டேன். இந்த வீட்டைத் துடைத்துத் துடைத்து எனக்குக் கிடைத்த ஒரே அறிவு அது. அவன் சிரிக்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினைந்து வருடம் ஏசி வலைகளைக் கழற்றி அடித்துக் கழுவியவன். ஒரு நாள் ஓடிய வலை என்ன நிறத்தில் இருக்கும் என்று நான் சொல்லியா அவனுக்குத் தெரியவேண்டும்? தெரிந்தே இருந்திருக்கும். வெள்ளை என்றால் சுத்தம், சுத்தம் என்றால் நல்லது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவனும் அதோடு விட்டுவிட்டான். கட்டில் மாடி வளைவிலேயே கிடந்தது. அப்புறம் அவன் அக்கா வந்து தூக்கிப்போனாள்.

திங்கட்கிழமை அவன் ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறான். குழாய்வாய் இருப்பது ஆள் உயரத்துக்கு மேலே, கம்பித் தடுப்புக்குப் பின்னால். கீழேயிருந்து தெரியாது. அதன்மேல் சிவப்பாக ஒரு ரப்பர் மூடி இருந்தது. லாரியில் வரும்போது தூசி போகாமலிருக்க மாட்டிவிடுகிற மூடி. மாட்டினவர்கள் அதைக் கழற்றவே இல்லை. ஆறிலும் அப்படியே. உள்ளே ஒரு விசிறி சுற்றிக்கொண்டிருந்ததால் டப்பா வேலை செய்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

கருவி பாவம், முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆறு டப்பாவிலும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் இப்படி இருந்ததாம்: மஞ்சள் எரிந்தால் கவனிக்கவும், சிவப்பு எரிந்தால் தெரிவிக்கவும். அதனால் கவனித்தார்கள். நோட்டில் அதற்கென்று ஒரு கட்டம். பதினான்கு மாதமும், ஆறு டப்பாவுக்கும், தினமும் 'மஞ்சள்: கவனிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கடைசி ஐந்து மாதக் கையெழுத்து டப்பாத்தம்பியுடையது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் நடந்ததை நான் ஒட்டுக்கேட்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரே டம்ளரை முக்கால் மணி நேரம் கழுவினேன், அவ்வளவுதான்.

"எழுதிக் குடுத்துடறேன் மாமா," என்றது டப்பாத்தம்பியின் குரல்.

"எழுத்துல எதுவும் குடுக்காதே மச்சான். நீ எழுதினா நான் எழுதினதெல்லாம் நாறிப்போகும். புதன்கிழமை போகட்டும்."

"பதினாலு மாசமா அது ஒண்ணுமே முகரலை மாமா. மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னிருக்கு."

"நின்னிருக்கு. ஏதாவது நடந்துச்சா? நடக்கறதுக்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம்..."

"அப்புறம் எதுக்கு அதை விக்கறீங்க?" இது மருந்துக்கடைக்காரி. அவள் குரல் அவ்வளவு தெளிவாக அதற்கு முன் அந்த ஜன்னலைத் தாண்டி வந்ததில்லை.

நான் குழாயைக்கூட மூடிவிட்டேன்.

"நீ சும்மா இரு. டேய், உனக்கு இன்னும் மூணு வாரம். குட்டி வரணுமா வேண்டாமா? வேலையில இருந்தாத்தான் வருவா."

"அவ அந்த ஸ்டேஷன்லதான் மாமா வந்து இறங்குவா," என்றான் டப்பாத்தம்பி.

செவ்வாய்க்கிழமை அவன் தன் மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னான். புதன் முடியும்வரை எதிலும் கைவைக்காதே, அப்புறம் நானே ஆள் அனுப்புகிறேன் என்றாராம் அவர். புதன் வந்தது. புதுச் சட்டை பேசியது. வந்தவர்கள் வெள்ளைத் தாளைக் கையுறை போட்டு வாங்கிப் பார்த்து, எவ்வளவு சுத்தம் என்று வியந்து, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வியாழன் முழுக்க டப்பாத்தம்பி ஆளுக்காகக் காத்திருந்தான். யாரும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவனே ஏணியைப் போட்டு ஆறு மூடிகளையும் பிடுங்கிவிட்டான்.

அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு என் வாசலில் வந்து நின்று, பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து என் கையில் வைத்தான். "வச்சுக்கோங்கக்கா. கண்டுபிடிச்சது நீங்க."

என்னை யாரும் எதையும் கண்டுபிடித்தவள் என்று சொன்னதில்லை. எட்டிப் பார்த்தவள் என்றுதான் சொல்வார்கள். அந்த மூடி என் உப்பு ஜாடி வாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அதிலேயே மாட்டிவைத்தேன்.

மறுநாளிலிருந்து தாள்கள் சாம்பல் நிறத்தில் வந்தன. போனில் காட்டினான். மூன்றாம் தூண் தாள் என் வலையைவிடக் கறுப்பு. மஞ்சள் விளக்குகள் அணைந்துவிட்டன. நாலாம் நாள் மேற்பார்வையாளர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டாராம்.

"மஞ்சள் எரியலை சார்."

"எரியலைன்னா என்ன கோளாறுன்னு பாரு."

இதைச் சொல்லி மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன். எதிர்க் கதவு திறந்திருந்ததால் அவன் அக்காவும் உள்ளிருந்து சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது அதுதான் கடைசி என்று அப்போது யாருக்குத் தெரியும். குட்டி வர பத்து நாள்தான் இருந்தது. கட்டிலுக்கு உறை தைக்க அவன் அக்கா துணி வாங்கி என்னிடம் கொடுத்திருந்தாள். மெஷின் என் வீட்டில்தானே இருக்கிறது.

எட்டாம் நாள் சனிக்கிழமை. பரிசோதனைக்கூடத்தில் இரண்டாம் தூண் தாளில் கெட்ட கிருமி இருப்பதாகக் காட்டிவிட்டது. நிலையத்தின் எல்லா வாசலையும் அடைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை ஏழு மணி நேரம் வெளியே விடவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அது ஒன்று போதாதா? யாரோ ஒருவர் எதையோ சொல்ல, கூட்டம் கிழக்குப் படிக்கட்டுப் பக்கம் சாய்ந்தது. படிக்கட்டுக்குக் கீழே பேப்பர் விற்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், மூச்சுத்திணறல் உள்ளவர், பேப்பரை மடிப்பதற்கு நடுவே மருந்தை வாயில் அடித்துக்கொள்வார். அவரை அப்புறம் ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. வருடக்கணக்காக அவரிடம் பேப்பர் வாங்கியிருக்கிறேன். பாதி தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, "மீதியை வாங்கிப் படிங்க" என்பார்.

திங்கட்கிழமை தெரிந்தது, அது கெட்ட கிருமி இல்லையென்று. அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். சாதாரண மண்ணில் கிடப்பது, யாரையும் ஒன்றும் செய்யாதது. நிலைய வாசலில் செடித்தொட்டிகளுக்கு அந்த வாரம் புது மண் கொட்டியிருந்தார்கள். காற்று அடித்திருக்கிறது. கருவி தன் வாழ்நாளில் முதல் தடவையாக மூச்சு இழுத்து, முதலில் கண்ணில் பட்டவனைத் திருடன் என்று கத்திவிட்டது.

புதன்கிழமை இரண்டு பேர் எங்கள் கட்டடத்துக்கு விசாரிக்க வந்தார்கள். நல்ல மரியாதை தெரிந்தவர்கள். செருப்பை வெளியே விட்டார்கள். எதிர்வீடு பூட்டியிருந்ததால் என் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தேன். அந்தப் பணியாளரைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்தால் போதும் என்றார்கள். பொதுவாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. என் கொசுவலையிலிருந்து ஆரம்பித்தேன். அவன் எவ்வளவு கெட்டிக்காரன், மேலதிகாரி ஆள் அனுப்பாதபோதும் தானே ஏணி போட்டு ஏறினவன் என்று அவனைப் புகழ்ந்துதான் சொன்னேன்.

"அவரே கழற்றினார் என்று உங்களிடம் சொன்னாரா?"

"சொன்னானா? மூடியையே குடுத்தானே."

எழுந்துபோய் உப்பு ஜாடியிலிருந்து அதைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர்கள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார்கள். நான் உப்பு ஜாடியை ஒரு தட்டைப் போட்டு மூடினேன். டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மேற்பார்வையாளர் தன்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். எழுத்தில் எதுவும் இல்லை. சதவீதமும் தனக்குத் தெரியாது என்றுதான் சொன்னார். ஐந்து மாதம் மூடி இருந்தும் 'கவனிக்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டது ஒரு குற்றம், அனுமதியில்லாமல் மூடியைக் கழற்றியது இன்னொரு குற்றம். இரண்டுக்கும் சேர்த்து டப்பாத்தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு மூன்று நாள் பாக்கி. வழக்கு வருமா வராதா என்று இன்னும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை குட்டி வரவில்லை. செய்தியில் பெயர் வந்த அப்பாவிடம் யார் அனுப்புவார்கள்? தைத்து முடித்த உறையை மடித்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தேன். மருந்துக்கடைக்காரி வாங்கிக்கொண்டாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லியிருக்கலாம்லக்கா," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மாத்திரையை எத்தனை வேளை சாப்பிடவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதன்பிறகு டீத்தூள் கேட்டு அவள் வந்ததில்லை.

டப்பாத்தம்பி வேறு ஊருக்குப் போய் மறுபடி ஏசி கழுவுகிறான். சதவீதம் என்ன ஆனார் என்று கேட்டால், நன்றாக இருக்கிறார். அறிக்கையின் புதுப் பதிப்பு வந்துவிட்டது. பூஜ்யம் போய்விட்டது, அதன் இடத்தில் வேறு வாசகம்: சமீபத்திய நிகழ்வு கருவியின் கூர்மையை நிரூபித்தது. நடந்ததைக் கேட்டுப் பயந்துபோன ஊர்கள் வரிசையில் நிற்கின்றனவாம். ஒன்பது சதவீதம் இப்போது பதினாலு. மாடிப்படியில் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடிக் கம்பியைப் பார்த்துச் சொன்னார். மனைவி அவரோடு பேசுவதில்லை. காற்றுக்கூண்டில் இப்போது பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

போன வாரம் என் கண் டாக்டரைப் பார்க்க ரயில் நிலையம் வழியாகப் போனேன். டப்பாக்கள் திரும்பி வந்திருந்தன. கம்பெனிக்கு எடுத்துப்போய், பிரித்து, சரிபார்த்து, லாரியில் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். புது ஆள் ஒருவர் மூன்றாம் தூணில் பூட்டைத் திறந்து தாளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. டப்பாவின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த தூணிலும் எரிந்தது. அதற்கடுத்ததிலும்.

"தம்பி, மஞ்சள் எரியுதே," என்றேன்.

"எழுதியாச்சும்மா," என்று நோட்டைக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து.

நான் வாய் மூடி வருகிறவள் இல்லை. ஆனால் அன்று அவரிடம் மேலே ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் ஏறுவார், கழற்றுவார், அவருக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள். சொல்லாவிட்டாலும் இந்த வழியாக நடக்கிற அத்தனை பேருக்கும் வீட்டில் யாராவது இருக்கிறார்கள். பேப்பர்காரர் உட்கார்ந்திருந்த படிக்கட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டரிடம் போகாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். எதிர்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கி, இறக்கிவிட்டு, டப்பாத்தம்பிக்குப் போன் போட்டேன். பின்னால் தண்ணீர் பீய்ச்சியடிக்கிற சத்தம் கேட்டது.

"பொண்ணு வந்தாளா தம்பி?"

"இல்லக்கா."

"தம்பி, டப்பாவெல்லாம் மறுபடி மாட்டிட்டாங்க. ஆறுலயும் மஞ்சள் எரியுது. மூடியைக் கழட்டாமலே வச்சிருக்காங்க போல."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. வைத்துவிட்டானோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"கவனிச்சீங்களாக்கா?" என்றான்.

"கவனிச்சேன்."

"அப்ப சரி," என்றான். மறுபடி தண்ணீர் திறந்துகொண்டது.